விலையைச் சாட்டி விட்ட பீடி

ஓய்வு பெற்ற பிறகும் உங்கள் மருந்து கட்டும் அறைக்கு வந்து, உங்கள் தேத்தண்ணியைக் குடித்து, உங்கள் வேலையில் பிழை பிடித்துவிட்டுப் போகிறவள் நான். அதைப் பொறுத்துக்கொள்கிறீர்களே, அதற்காகவாவது நீங்கள் கேட்பதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். போன கிழமை புதிதாக வந்த தாதிப் பிள்ளை ஒருவர் கேட்டார்: "சிகரெட்டுக்கு வரியைக் கூட்டினா ஆக்கள் அத விட்டுருவாங்களா மிஸி?" ஓம் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போயிருக்கலாம். அது பொய்யுமில்லை. ஆனால் அந்த ஓம் என்ற சொல்லோடு ஒரு மனிதரின் காலும் எனக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பாதிப் பதில்தான் சொன்னவளாவேன்.

எண்பதுகளின் முற்பகுதி அது. கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் மருந்து கட்டும் அறைக்குப் பொறுப்பான தாதி, ஊராருக்கு மிஸி. சாய்ந்தமருதிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். அந்தக் காலத்தில் வரவு செலவுத் திட்டம் வாசிக்கும் நாள் நெருங்கினால் கடைகளில் சிகரெட் காணாமல் போய்விடும். முதலாளிமார் பெட்டிகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, இல்லை என்று கையை விரிப்பார்கள். வானொலியில் விலை கூடிவிட்டதென்று சொன்ன மறுநாள் காலையில் எல்லாப் பெட்டிகளும் திரும்ப அலமாரிக்கு வந்துவிடும்.

பிறகுதான் வேடிக்கை. பெட்டியாக வாங்கியவர் ஒன்றிரண்டாக வாங்கத் தொடங்குவார். ஒன்றிரண்டாக வாங்கியவர் பீடிக்கு இறங்குவார். பீடிக்காரர் பாதியில் அணைத்து, மிச்சத்தைக் காதில் செருகிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போவார். இவர்கள் யாரும் விட்டவர்களில்லை, இடம் மாறி உட்கார்ந்தவர்கள். உண்மையாகவே விட்டவர்களும் இருந்தார்கள். எங்கள் தெரு மீன் வியாபாரி ஒருவர் இருமி இருமி என்னிடம் மருந்துக்கு வருவார். நான் சொல்லாத புத்தி இல்லை. ஒருநாள் வந்து சொன்னார்: "நெஞ்சு போகுது எண்டு நீங்க சொல்லக்குள்ள நான் கேக்கல்ல மிஸி. இப்ப என்ட நெஞ்சுக்குள்ள போற புகைக்கு நான் அரசாங்கத்துக்கு வரி கட்டணுமாம். நான் குடுக்க மாட்டன்." அந்த மனிதர் அதற்குப் பிறகு தொடவே இல்லை. வருடக்கணக்கில் தொண்டை வறளப் பேசி என்னால் முடியாததை வானொலிச் செய்தி ஒன்று ஒரே நாளில் செய்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். நோய்க்குப் பயந்து புகையை விட்டேன் என்று சொல்ல எங்கள் ஆண்களுக்கு வாய் வராது. டொக்டர் சொன்னார், பெண்சாதி சொன்னாள் என்று சொன்னால் கடைவாசலில் பகிடி பண்ணுவார்கள். விலை கூடிவிட்டது, அதனால் விட்டுவிட்டேன் என்றால் ஒருவரும் சிரிப்பதில்லை. எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். விடுவதற்கு உள்ளூர ஆசைப்பட்டவர்களுக்கு வரி மரியாதையான சாட்டு ஒன்றை, வெளியே சொல்லிக்கொள்ள ஒரு காரணத்தை, கொண்டுவந்து கையில் கொடுத்தது. அந்தச் சாட்டால் பலர் பிழைத்தார்கள். ஒருவரை அதுவே பொறியில் மாட்டிவிட்டது.

அவர் பெயர் ஆதம்பாவா. மருதமுனையில் கைத்தறி நெசவு. நாற்பது வயது தாண்டியவர், அதிகம் கதைக்காதவர். வலக்கால் பெருவிரல் கறுத்து, நுனியில் புண்ணாகி, இரவில் தூங்க முடியாத வலியோடு வந்தார். சிறு வயது முதல் பீடி. எங்கள் சத்திர சிகிச்சை டொக்டர் காலைத் தொட்டுப் பார்த்ததும் என்ன வருத்தம், எதனால் வந்த நோய் என்று தெரிந்துகொண்டார். புகை உள்ளே போகப் போகக் காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளங்கள் சுருங்கி அடைபட்டுவிடும். இரத்தம் போகாத இடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துவரும். அதற்கு அன்று எங்களிடம் பெரிய மருந்து ஏதும் இருக்கவில்லை. புகையை அடியோடு விட்டால் கால் நிற்கும். ஒன்றே ஒன்றுதானே என்று தொட்டாலும் முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே எல்லாம் போகும். டொக்டர் இதை அவரிடம் ஒளிக்காமல் சொன்னார். தறி காலால் மிதித்தால்தான் நடக்கும். அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தக் கிழமைதான் பீடி விலை ஏறியது. ஆதம்பாவா பீடியை விட்டார். அடுத்தடுத்துக் கட்டு மாற்ற வந்தபோது விரலில் ஈரம் காயத் தொடங்கியிருந்தது. பாதத்தில் கொஞ்சம் சூடு தெரிந்தது. நான் டொக்டரிடம் போய்ப் பெருமையடித்துக்கொண்டேன். ஒரு மாதம் போனது. பிறகு புண் மறுபடியும் ஈரமானது. பக்கத்து விரலும் நிறம் மாறியது. பாதம் மழைநாள் சீமெந்துத் தரைபோலச் சில்லிட்டுக் கிடந்தது.

டொக்டர் காலைப் பார்த்துவிட்டுப் பேனாவை மேசையில் வைத்தார். "நீங்கள் இன்னும் பீடி பத்துறீங்கள்" என்றார். ஆதம்பாவா நிலத்தைப் பார்த்தபடி, "பீடி வாங்குறத விட்டுட்டன் டொக்டர்" என்றார். டொக்டர் என் பக்கம் திரும்பி, அவர் காதுபடவே சொன்னார்: "இந்தாள் பொய் சொல்லுறார் மிஸி. அடுத்த கிளினிக்குக்கும் கால் இப்படியே இருந்தால் மட்டக்களப்புக்கு அனுப்பி எடுக்கிறதைத் தவிர வேற வழியில்லை."

அடுத்த கிளினிக் இரண்டு கிழமைக்குள். ஆதம்பாவாவின் முகத்தைப் பார்த்தேன். பொய் பிடிபட்டவனின் முகமாக அது எனக்குத் தெரியவில்லை. சொல்ல முடியாத ஒன்றை வாய்க்குள் வைத்திருப்பவரின் முகமாக இருந்தது. வேலை பழகப் பழக உங்களுக்கும் அந்த வித்தியாசம் தெரியவரும். தெரிந்தாலும் உடனே என்ன செய்வதென்று தெரியாது.

அன்று மத்தியானம் சாப்பிட வெளியே போனபோது, ஆஸ்பத்திரி கேற்றடியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள், அவரும் அவருடைய மனைவி சீனத்தும்மாவும். அந்தப் பெண் ஒவ்வொரு தரமும் கூட வருவாள். ஆண்கள் கட்டுப்போடும் பக்கம் வராமல் வெளியே மரத்தடியில் குந்தியிருப்பாள். நான் கிட்டப் போகும்போது அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சிகரெட்டை எடுத்துக் கணவரின் கையில் வைத்தாள். பீடிகூட இல்லை, நல்ல சிகரெட். என்னைக் கண்டதும் அவள் ஒளிக்கவில்லை. வெட்கத்தோடு சிரித்தாள்.

"பாவம் மிஸி" என்றாள். "வெல கூடிட்டு எண்டு இந்த மனிசன் பீடிய விட்டுட்டார். ஊட்டுச் செலவு பாத்துத்தான் விட்ட. வாயத் தொறந்து ஒண்டும் கேக்காத மனிசன். ராவில கால் நோவு ஒரு பக்கம், பீடி இல்லாத அந்தரம் ஒரு பக்கம். எனக்கு மனசு கேக்கல்ல. நான் நூல் சுத்துற காசில ஒவ்வொண்டா வாங்கிக் குடுக்கன். காசில்லாத குறைக்கு ஒரு மனிசன் ஆசைய அடக்கிட்டு இரிக்கலாமா?"

அவளுக்குப் பின்னால் நின்று ஆதம்பாவா என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று இரண்டு கண்ணும் கெஞ்சின. என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, நீ கொடுப்பது நஞ்சு தங்கச்சி என்று. எப்படி அடக்கினேனோ தெரியாது. "பஸ் வருது, கவனமா ஏறுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த கட்டுக்கு வந்தபோது அறையில் வேறு ஆளில்லாத நேரம் பார்த்துக் கேட்டேன். "ஊட்ல என்ன சொல்லி வச்சிருக்கிறீங்க?"

அவர் கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கால்ல ஆணி குத்தின எண்டு சொல்லியிருக்கன். பீடிய விட்டது வெல கூடினதால எண்டு சொல்லியிருக்கன்."

"கால எடுக்கப் போறாங்க எண்டு சொல்லல்லயா?"

"எப்பிடிச் சொல்ற மிஸி? அவட வாப்பா எனக்குக் கலியாணம் முடிச்சுத் தரக்குள்ள ஊட்டையும் அவட பேர்லதான் குடுத்த. என்ட உம்மாட ஊடு தங்கச்சிமாருக்குப் போயிட்டு. அந்த ஊட்ல நான் நெய்யிறன், உழைக்கன், அதால தல நிமிந்து இரிக்கன். கால் போனா பொண்டாட்டிர ஊட்ல ஒரு மூலைல குந்திட்டு இரிக்கணும். அவ ஒண்டும் சொல்ல மாட்டா. அதுதான் எனக்குப் பயம்."

"அப்ப அவங்க தாற சிகரெட்ட வேணாமெண்டு சொல்ல ஏலாதா?"

"வேணாமெண்டா ஏன் எண்டு கேப்பா. வெல கூடினதுக்கு அவ வழி கண்டுபுடிச்சிட்டா. நான் வேற என்ன காரணம் சொல்ல?" பிறகு மெல்லச் சொன்னார்: "எனக்கும் ஆசதானே மிஸி. அவ அதத் தந்துட்டு என்ட மொகத்தப் பாத்துட்டு இரிப்பா. அப்ப எனக்கு ஒண்டும் சொல்ல வராது."

எனக்கு அழுகை வந்தது, மறைக்க மருந்துப் போத்தலைத் தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டேன். இந்தக் கரையில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறவர். இது நம்மில் யாருக்கும் புதிதில்லை. ஆனால் அந்த வழக்கம் ஒரு மனிதனின் கால் விரலில் வந்து நிற்கும் என்று எந்தத் தாதிப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அன்றிலிருந்து, விட்டுவிட்டேன் என்று யார் வந்து சொன்னாலும் நான் கேட்கத் தவறாத கேள்வி இதுதான்: வீட்டில் என்ன காரணம் சொன்னீர்கள்? விலை என்று சொல்லியிருந்தால் அவரை இன்னும் கொஞ்சம் இருத்திக் கதைத்துவிட்டுத்தான் அனுப்புவேன். விலைக்காக விட்டவருக்கு நாளை ஒரு சம்பளம் கூடலாம், வெளிநாட்டிலிருந்து மச்சான் ஒருவர் பெட்டியோடு வரலாம். அல்லது சீனத்தும்மாவைப்போல நேசமான ஒருத்தி பக்கத்தில் இருக்கலாம்.

சரி, பெண்சாதியைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். என்னோடு வேலை செய்த மற்றத் தாதியும் அதைத்தான் சொன்னார். ஒரு வசனத்தில் முடிகிற வேலை. காலும் தப்பும். நான் இரண்டு நாள் அதையே யோசித்தேன். அந்த மனிதர் என்னை நம்பிச் சொன்னதை அவருக்குப் பின்னால் நின்று நான் சொன்னால், அவர் திரும்ப இந்த அறைக்கு வருவாரா? வராவிட்டால் அந்தக் காலுக்கு யார் மருந்து கட்டுவது? சீனத்தும்மாவுக்கும் ஒரு அயல் ஆள் வாயால் அது தெரியவந்தால் அந்த வலியை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்? சொல்லாமலே இருந்தாலோ, கிளினிக் நாளில் டொக்டர் மட்டக்களப்புக்கு அனுப்பும் துண்டை எழுதிவிடுவார். இரண்டு பக்கமும் நஷ்டம். நல்ல முடிவு ஒன்று எங்கேயோ ஒளிந்திருக்கும், தேடினால் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். சில நேரம் நமக்குக் கிடைப்பது ஒரு சின்ன இடைவெளி மட்டும்தான். அதற்குள் நோயாளி தானாக வந்து நிற்க வேண்டும்.

எனக்குக் கிடைத்த இடைவெளி கட்டு மாற்றும் வேலை. அந்தப் புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்ற வேண்டும், தினமும் பஸ்ஸில் வர அவரால் முடியாது. வீட்டில் யாராவது பழகியே ஆக வேண்டும். அடுத்த முறை அவர் வந்தபோது சொன்னேன்: "இனி ஒங்கட கட்ட ஊட்ல மாத்தணும். சீனத்தும்மாவ உள்ள கூப்பிட்டுப் பழக்கப் போறன். ஒங்கட கதைய நான் சொல்ல மாட்டன், அது ஒங்கட. ஆனா இண்டைக்குக் கட்ட அவிழ்க்கிறது அவங்கதான். வேணாமெண்டா இப்பவே சொல்லுங்க, நானே கட்டி அனுப்புறன்."

அவர் காலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வெளியே டிக்கெட்டோடு காத்திருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். நான் திறக்கவில்லை. கடைசியில் அவர், "வரச் சொல்லுங்க" என்றார்.

சீனத்தும்மா கூச்சத்தோடு உள்ளே வந்தாள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னேன். சின்ன முக்காலியில் இருத்தி, அவர் காலை அவள் மடியில் துணி விரித்து வைத்தேன். அவள் கட்டை அவிழ்த்தாள். நூல் சுற்றிப் பழகிய கை, சுற்றுச் சுற்றாக நிதானமாக அவிழ்த்தது. கடைசிச் சீலைத் துணி புண்ணில் ஒட்டியிருந்தது. மருந்துத் தண்ணி ஊற்றி எடுக்கக் காட்டிக் கொடுத்தேன். எடுத்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"இது ஆணி குத்தினதா?" என்று கேட்டாள். கேட்டது என்னை. நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த கஷ்டமான வேலைகளில் அதுவும் ஒன்று.

ஆதம்பாவா சொன்னார். வருத்தம் என்ன, டொக்டர் சொன்னது என்ன, பீடியை விட்டது ஏன், எல்லாவற்றையும் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வீட்டைப் பற்றிய பயத்தையும் சொன்னார்.

சீனத்தும்மா ஈரக் கையோடு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதற்குள் அன்று திரும்பிப் போகும்போது கொடுக்க வாங்கி வைத்திருந்த சிகரெட் இருந்தது. அதை எடுத்து, அழுக்குச் சீலை போடும் தட்டில், அவிழ்த்த கட்டுக்கு மேலே வைத்தாள். "நான் தந்ததாலதான் ரெண்டாவது விரலும் இப்பிடி ஆன" என்றாள்.

"நீ தரல்ல புள்ள. நான்தான் வேணாமெண்டு சொல்லல்ல."

"ஊடு என்ட பேர்ல கிடக்கட்டும்" என்றாள் அவள். குரலில் கோபம் இருந்தது. "கால் ரெண்டு பேருக்கும்தானே. எனக்குச் சொல்லாம நீங்க எப்பிடி அத வெட்டக் குடுப்பீங்க?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "இனி நான் இவருக்கு என்னத்த மிஸி குடுக்க? ராவில நோகுதெண்டு அந்தரப்படக்குள்ள நான் சும்மா பாத்துட்டு இரிக்கவா?"

ஆதம்பாவாதான் சொன்னார். "கட்ட நீயே கட்டு புள்ள. நீ அவிழ்க்கக்குள்ள நோகல்ல."

அது முழு உண்மையில்லை. ஒட்டிய சீலையை எடுக்கும்போது அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்ததை நான் கண்டேன். ஆனாலும் அவள் அதை நம்பினாள், குனிந்து கட்டத் தொடங்கினாள். முதல் கட்டே என்னுடையதைவிட அழகாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். நான் கதவைத் திறந்து வெளியே போய், காத்திருந்தவர்களிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

கிளினிக் நாளில் டொக்டர் துண்டை எழுத எடுத்தார். "இன்னும் ஒரு மாசம் தாங்க சேர்" என்றேன். "நான் பொறுப்பு" என்றும் சொன்னேன். டொக்டரிடம் அப்படிச் சொல்ல ஒரு தாதிக்கு அந்நாளில் உரிமை இல்லை. அவர் என்னைப் பார்த்தார், சீனத்தும்மா கட்டிய கட்டைப் பார்த்தார், பேனாவை மூடினார். பெருவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. அது எங்கள் ஆஸ்பத்திரியிலேயே எடுக்கப்பட்டது. எங்கள் வழக்கப்படி வெள்ளைத் துணியில் சுற்றி மையவாடிக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள். மற்ற விரல் நிறம் திரும்பியது. பாதம் நின்றது. அவர் தறிக்குத் திரும்பினார், முதலில் கொஞ்சம் சாய்ந்து மிதித்தார், பிறகு பழகிவிட்டது.

ஆனால் எனக்குப் பயம் போகவில்லை. எத்தனையோ பேர் விட்டுவிட்டு, ஒரு கலியாண வீட்டில், ஒரு மையத்து வீட்டில் திரும்பவும் தொட்டதைப் பார்த்தவள் நான். கட்டெல்லாம் முடிந்து, காட்ட மட்டும் அவர் வந்துபோன காலத்திலும் அவர் கிட்ட வந்ததும் நான் முதலில் மூச்சைத்தான் மணந்து பார்ப்பேன். அது அவருக்கும் தெரியும், சிரித்துக்கொண்டே குனிந்து ஊதிக் காட்டுவார்.

அடுத்த வரவு செலவுத் திட்டம் வந்தது. மறுபடியும் கடைகளில் பெட்டிகள் மறைந்தன, மறுபடியும் வந்தன. ஆஸ்பத்திரிச் சிற்றூழியர்கள் ஒரு சிகரெட்டை மூன்று பேராகப் பங்குபோட்டுக்கொண்டு அரசாங்கத்தை ஏசினார்கள். அந்தக் கிழமைதான் ஆதம்பாவாவும் சீனத்தும்மாவும் கால் காட்ட வந்தார்கள். நான் பகிடியாகக் கேட்டேன்: "திரும்பவும் வெல கூடிட்டாமே, இப்ப எவ்வளவாம்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "முந்தி எவ்வளவு புள்ள இரிந்த?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்" என்றாள் சீனத்தும்மா, அவருடைய செருப்பின் வாரைக் குனிந்து போட்டுக்கொண்டே. "அத வாங்கக் கடைக்குப் போறவங்ககிட்டக் கேளுங்க."

அன்றைக்குத்தான் அந்தக் காலைப் பற்றிய பயம் எனக்குப் போனது.